உன் இனிஷியல் விஷயமாக

அன்புள்ள கண்ணுக்கு, நைனா எழுதுவது.

உன் கல்யாணப் பத்திரிகை புரூஃப் தயார். உன் பெயருக்கு முன்னால் மட்டும் ஓர் எழுத்து இடம் காலியாக விட்டிருக்கிறேன். போனில் நீ "என்ன இனிஷியல் போடப் போற நைனா?" என்று கேட்டபோது, வேலூர் வெயிலைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். வாயில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பி.எட். படிக்கிற பெண் ஒருத்தி பைண்டிங்குக்குக் கொடுத்த ப்ராஜெக்டில் எரிக் எச். எரிக்சன் என்று ஒரு பெயர். மனுஷ வாழ்க்கையைக் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை எட்டுக் கட்டமாகப் பிரித்த உளவியல்காரர். 'அடையாள நெருக்கடி' என்ற பேச்சே அவரால்தான் பரவியது. நடுவில் அதென்னம்மா எச் என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு மேற்கொண்டு நானே தேடிப் படித்தேன்.

1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற அப்பா யாரென்று சாகும்வரை அவருக்குத் தெரியவில்லை. வைத்தியம் பார்த்த குழந்தை டாக்டர் ஹோம்பர்கர் 1905-ல் அம்மாவைக் கட்டிக்கொண்டார். இவர்தான் அப்பா என்று சொல்லியே வளர்த்தார்கள். குடும்பம் யூதக் குடும்பம், பையனோ நெட்டை, வெளிர் முடி, நீலக் கண். யூதக் கோயிலில் பிள்ளைகள் நீ எங்க ஆளில்லை என்றார்கள், பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள்.

இதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. குடியாத்தம் சிரசு திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. உனக்குப் பன்னிரண்டு வயது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி உன் தாடையைப் பிடித்து, "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்" என்றாள், பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்க்காமலே. நீ நிமிர்ந்து என் மூக்கைப் பார்த்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் பொரிப் பொட்டலத்தைக் காட்பாடி வரை பிரிக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும். பத்தாவது முடியட்டும் என்றாள் உங்கம்மா, நானும் சரி என்றேன். அவள்மேல் பழி போடவில்லை, பயம் எனக்குத்தான்.

அந்த எரிக் 1939-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார், எரிக்கின் மகன், தனக்குத் தானே அப்பன்! ஹோம்பர்கர் நடுவில் ஓர் எச் ஆகிவிட்டார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, வளர்த்தவனுக்கு ஒரு எழுத்துதானா என்று. அப்புறம் சிரிப்பு வந்தது, நம் ஊரில் பெற்றவனுக்கே ஒரு எழுத்துதானே.

இன்னொன்றும் படித்தேன். 1944-ல் அவருக்கு டவுன் சிண்ட்ரோமோடு ஒரு மகன் பிறந்தான். அவனை ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு, குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டது என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னாராம். வீட்டுப் பொய்யால் அவ்வளவு பட்ட மனுஷன்! திட்டலாம் என்றுதான் தோன்றியது, எந்த வாயால் திட்டுவது?

உன் பெற்ற அப்பாவின் எழுத்து 'மு'. பள்ளியில் நான் கொடுத்தது 'ச'. அம்மா எழுத்தைப் போடுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் என் கையாலேயே கோர்க்கிறேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் வைத்துக்கொள்வேன், அதை நீ கண்டுகொள்ளாதே.

வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை மிஷினில் ஏற்ற வேண்டும், ஐந்நூறு கார்டு.

நைனா