திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

டைலராகச் சேர்ந்து இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 22 வருசம் இந்த ஊர் கம்பெனிகளில்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'கம்பெனிக்குள் அரசியல், சாதி, மதம், மொழி பற்றிப் பேசக் கூடாது. மீறினால் வேலையை விட்டு நிறுத்தப்படுவார்கள்.' இன்னும் சில கம்பெனிகளிலும் இதே யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் கவலை புரியாமல் இல்லை. எலெக்சன் சமயத்தில் கட்டிங் டேபிளில் கட்சிச் சண்டை முற்றி, கத்தரிக்கோலோடு நின்றவனை நானே பிடித்து விலக்கியிருக்கிறேன். வேலை நேரத்தில் கட்சிப் பிரசாரம் வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் சாதியையும் மொழியையும் அதே வரியில் ஏன் சேர்த்தீர்கள்?

நோட்டீஸ் ஒட்டிய இரண்டாவது வாரம், செக்கிங்குக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தது. டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "எந்த ஊரு கண்ணு?" என்றார். அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னது. "ஊருக்குள்ளயா, காலனியா?" இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்து ஆட்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துலங்க" என்றது. மறுநாள் அந்த அக்கா வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். கூடவே இன்னும் மூன்று பேர். நாலாம் நாள் அது என்னிடம் வந்து அழுதது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நோட்டீஸைக் காட்டி, "சாதி பேசக் கூடாதுன்னு போட்டிருக்குதல்லங்க, அப்புறம் எதுக்கு அதை எடுக்கறீங்க?" என்றார்.

கேட்டவரை அந்த நோட்டீஸ் ஒன்றும் செய்யவில்லை. மனசு நொந்து சொல்ல வந்த பிள்ளையின் வாயைத்தான் அடைத்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதோடு அது நின்றுவிட்டது.

பெண்களுக்கு 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றாலே பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளே ஒரு குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழு வந்த பிறகு எங்கள் லைனில் பெண்களுக்கு வாய்திறக்கக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. சாதியையோ மொழியையோ வைத்து ஒருவரை நோகடித்தால் போய்ச் சொல்ல எங்கள் கம்பெனியில் இடமே இல்லை.

2023 மார்ச்சை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கள் லைனில் பையன்கள் பையைக் கட்டிவிட்டார்கள். மெசினை நிறுத்திவிட்டு, தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு மணி நேரம் பேசினோம். அவர்கள் பயத்தைச் சொன்னார்கள். 'வடக்கன்' என்று இங்கே கூப்பிடுவது எப்படி உறுத்துகிறது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்கள். பாதிப் பேர் இருந்துவிட்டார்கள். இந்த நோட்டீஸ் அன்றைக்கு இருந்திருந்தால் லைன் காலியாகியிருக்கும்.

அமெரிக்காவில் பேஸ்கேம்ப் என்ற சாப்ட்வேர் கம்பெனி 2021 ஏப்ரலில் இப்படித்தான் அலுவலகத்தில் அரசியல் பேச்சு வேண்டாம் என்றது. பிடிக்காதவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் வரை தருவதாகச் சொன்னதும், மூன்றில் ஒரு பங்குப் பேர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாரச் சம்பளத்தில் வாடகை கட்டும் எங்கள் ஆட்கள் அப்படிக் கிளம்ப முடியாது. வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள், நீங்கள் அதை அமைதி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லவில்லை. மாற்றி எழுதுங்கள். கட்சிப் பிரசாரம் கூடாது என்பது அப்படியே இருக்கட்டும். சாதி, மதம், மொழியை வைத்து யாரையும் இழிவு செய்யக் கூடாது, செய்தால் இன்னாரிடம் சொல்லலாம், சொன்னதற்காக வேலை போகாது என்று சேர்த்து, தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்.

அந்தப் பிள்ளையின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. புது நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்