பத்து வீட்டுக்கு ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாத காலமாகிவிட்டது என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். மனிதர் மனம் சுருங்கிவிட்டது என்று பழிபோடுவது சுலபம். 200 வீட்டுக்கு ஒரே வாட்ஸ்அப் குழு வைத்தால் காலை வணக்கப் படமும் வண்டி நிறுத்தும் சண்டையும்தான் மிஞ்சும். நள்ளிரவில் எந்தக் கதவைத் தட்டலாம் என்பது அதில் தெரியவே தெரியாது.

பழக்கம் எப்போதும் கிட்டத்தில்தான் உண்டாகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்கள் வசித்த குடியிருப்பில் யார் யாருடன் நட்பாகிறார்கள் என்பதைச் சமூக உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஐந்து வீடுள்ள தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம்தான். நாலு கதவு தள்ளியதற்கே இந்தக் கதி!

ஆகவே, ஒரே படிக்கட்டையோ ஒரே சிறு தெருவையோ பயன்படுத்தும் எட்டு முதல் பத்து வீடுகளை ஓர் அலகாக வையுங்கள். ஒரு தாளில் நாலே கட்டம்: பெயர், செல்பேசி எண், வெளியே இருக்கும் உறவினர் ஒருவரின் எண், மாற்றுச் சாவி யாரிடம். வயது, வேலை என்று கேட்கத் தொடங்கினால் பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள். 'தனியாக இருக்கிறார்' என்று எழுதவே கூடாது. தாள் கைமாறினால் திருடனுக்கு வழிகாட்டி. நகலெடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். படம் பிடித்துக் குழுவில் போட வேண்டாம்.

தனியாக வசிப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. 1995 ஜூலையில் சிகாகோவின் வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். அடுத்தடுத்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்ட சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்த தெருக்களில் சாவு மிகக் குறைவாக இருந்ததைக் காட்டினார். வெளியே காலெடுத்து வைக்க ஒரு காரணம் இருந்தது. வராவிட்டால் கவனிக்கவும் ஆள் இருந்தது.

அந்தக் கவனிப்பை ஒரு சின்ன அடையாளத்தில் கட்டிவைக்கலாம். காலை 9 மணிக்குள் ஜன்னல் திரை விலக வேண்டும் என்பது பேச்சு. விலகவில்லையா, போன் செய்யுங்கள். 15 நிமிடம் கழித்து இன்னொருமுறை. பிறகு கதவைத் தட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உறவினரிடம் சொல்லிவிட்டு, சாவி வைத்திருப்பவர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகலாம். ஒற்றை ஆளாகப் போகக் கூடாது. பிறகு எது காணாமல் போனாலும் பேச்சு அவர் மீதே வரும். இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் உள்தாழ்ப்பாள். பகலில் அதைப் போட்டிருந்தால் மாற்றுச் சாவி வெறும் இரும்புத்துண்டு. புதிதாக வெட்டிய சாவி திரும்புகிறதா என்பதையும் வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும்.

சத்தம் பற்றிய மனத்தாங்கலை ராத்திரி கோபத்தோடு போய்க் கொட்டாதீர்கள். மறுநாள் பகலில் ஒருவர் மட்டும் போங்கள். "ரொம்பத் தொந்தரவு" என்றால் சண்டை. "10 மணிக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் எங்கள் படுக்கையறையில் கேட்கிறது" என்றால் நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டுவதோடு விஷயம் முடியும். பல வேளைகளில் மேல்வீட்டுக்காரருக்கு அது கீழே கேட்பதே தெரியாது.

வாடகைக்கு இருப்பவர்கள் மாறுவார்கள், எண்கள் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் தாள் குப்பைதான். திருத்தும் வேலையைச் சங்கச் செயலாளர் தலையில் கட்டாமல், கடைசியாகக் குடிவந்தவரிடம் கொடுங்கள். பத்துக் கதவையும் தட்ட அவருக்கு ஒரு சாக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலப் பணியில் உள்ள வாசகர்கள்