தலைக்கு எண்ணெய் வை

அளவெட்டி

அன்பு மகனுக்கு,

ஹவாயில, கவாய்த் தீவு மடத்தில இருந்து நீ அனுப்பின படம் கிடைச்சுது. அக்காதான் போனில பெருசாக்கிக் காட்டினவள். வெள்ளை வேட்டி உனக்கு வடிவா இருக்கு. நல்லா மெலிஞ்சிட்டாய். ஆனா கண்ணுக்குக் கீழ கிடந்த கறுப்பைக் காணேல்ல. கலிபோர்னியாவில இரவு பகல் தெரியாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்த நாளில உன்ர முகத்தைப் பார்க்கேலாமல் கிடந்தது. அந்த வேலையை விட்டது நல்லதுதான். தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ? அங்க தேங்காய்க்கு என்ன குறை?

இஞ்ச புதினம் ஒண்டுமில்லை. கிணத்தடி மாமரம் இந்த முறை காய்க்கேல்ல. மாமா வேலிக் கதையைத் திரும்பத் தொடங்கிட்டார், அப்பா காதில விழாத மாதிரித் திரியிறார். சின்ன மாமி கும்பழாவளையான் கோயிலில வைச்சு, "உவன் எப்ப வாறானாம்?" எண்டு கேட்டவ. ஆறு மாசத் தொண்டு, முடிஞ்ச உடன வந்திடுவான் எண்டு சொன்னனான். முடிஞ்சுதோ இல்லையோ எனக்கென்ன தெரியும். நீ எழுதினால்தானே.

எழுதினாலும் மழையைப் பற்றித்தான் எழுதுறாய். உலகத்திலேயே கனக்க மழை பெய்யிற இடங்களில உங்கட வயாலியாலி மலையும் ஒண்டாம். தென்னையை விட உயரமாக் கட்டிடம் எழும்ப விடமாட்டினமாம், ரோட்டெல்லாம் கோழி திரியுதாம், ஒருத்தரும் ஒண்டுக்கும் அவசரப்படுறேல்லையாம். அப்பா வாசிச்சுப்போட்டு, "இதுக்கு அளவெட்டியிலயே இருந்திருக்கலாமே" எண்டார். பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனா பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

எனக்குப் பெருமை இல்லையெண்டு நினைக்காதை. 1949இல அந்த அமெரிக்கப் பொடியன் கொழும்புத்துறைக்குப் போய் யோகர் சுவாமியைக் கண்டதும், சுவாமி முதுகில ஒரு அறை விட்டு அனுப்பினதும், பிறகு அந்தப் பொடியன் சுப்பிரமுனிய சுவாமியாகி எங்கட ஊரில ஆச்சிரமம் வைச்சதும் அப்பப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தனீ. அவர் 1970இல கவாய்த் தீவில மடம் தொடங்கினவர். 1973 தொடக்கம் அங்க நடராசருக்கு முன்னால மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருத்தரா இரவும் பகலும் முறை வைச்சு இருக்கினம். பெங்களூர்ப் பக்கத்தில உளியால செதுக்கிக் கப்பலேத்தின கல்லில கோயில் எழும்பி, 2023இல கும்பாபிஷேகமும் முடிஞ்சுது. பசிபிக் கடலுக்கு நடுவில வெள்ளைக்காரப் பிள்ளையள் விடியக் குளிச்சு உருத்திரம் சொல்லுறதெண்டால் சும்மாவோ? நீ அங்க இலை கூட்டினாலும் புண்ணியம்தான். ஊரில எல்லாருக்கும் சொல்லித்தான் வைச்சிருக்கிறன்.

மேற்கு வளவு வைத்தியற்ற மகள் போன வருசம் அங்க போய்க் கும்பிட்டிட்டு வந்தவள். மடத்தில சேருறவைக்கு முதல் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில காவியாம். கும்பிட வாறவையும் தொண்டுக்கு வாறவையும் வெள்ளை கட்டுறவைதானே, என்ன? எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். சின்னனிலயும் உனக்கு வெள்ளைதான் எடுப்பு. மஞ்சள் சரிவராது. எண்ணெயை மட்டும் மறக்காமல் வை. முடி கொட்டினால் திரும்ப வராது.

எத்தினை செத்த வீட்டில, எத்தினை தாய்மாருக்குப் பக்கத்தில இருந்து "எப்பவோ முடிந்த காரியம்" எண்டு யோகர் சுவாமியின்ர வாக்கைச் சொல்லியிருப்பன். ஆற்றையும் பிள்ளை காவியோட படியேறி வந்தால் விழுந்து கும்பிட்டு, தலைவாழை இலை போட்டு, அவர் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் நிண்டு பரிமாறுவன். துறவெண்டால் எவ்வளவு பெரிசெண்டு நல்லூர்த் தேரடியில வைச்சு உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். அதெல்லாம் ஊராற்ற பிள்ளையளுக்கு, மகன். நான் அப்பிடியொரு சைவக்காரிதான்.

அக்கா உன்ர படத்தைப் பிரிண்ட் எடுத்து அண்ணாவின்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டப் போறன் எண்டவள். அங்க வேண்டாம் எண்டிட்டன். காரணம் கேக்காமல் அல்பத்துக்குள்ள வைச்சிட்டாள்.

அக்காவுக்கும் கலியாணப் பேச்சு வந்திருக்கு. நீ நிண்டால்தான் பொன்னுருக்கிலயே கால் வைப்பன் எண்டு பிடிவாதம். நாள் வைக்க ஐயரிட்டப் போக வேணும். அதுக்குத்தான் கேக்கிறன், வேறொண்டுமில்லை.

இந்தச் சனி உங்கட பின்னேரம் ஆறரைக்கு எடு. இஞ்ச ஞாயிறு காலமை பத்து மணி. அந்த நேரம் அப்பா சந்தைக்குப் போயிருப்பார், அக்காவையும் எங்கயாவது அனுப்பி வைக்கிறன்.

அம்மா