ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எக்ஸ்ரே, ஊசி, செயற்கை மூட்டு அறுவை சிகிச்சை எல்லாம் விரிவாக இருந்தன. முடக்கத்தான் தோசைக்குக்கூட ஒரு பெட்டிச் செய்தி. உடற்பயிற்சிக்கு மட்டும், 'இயன்முறை சிகிச்சையும் பலன் தரும்' என்று ஒரே வரி! முட்டித் தேய்மானத்துக்கு முதலில் செய்ய வேண்டிய வைத்தியமே அதுதான்.

மன்னார்குடி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற பெண்கள் இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் கிடையாது. சேற்றில் கால் புதைய, குனிந்த இடுப்பு நிமிராமல், பின்னால் நகர்ந்து நகர்ந்து குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நட்டவர்கள். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது என்கிறார்கள். வந்து என்ன, இவர்களுடைய முட்டி தேய்ந்த பிறகல்லவா வந்திருக்கிறது!

வலிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஊசியின் வேகம் குறைந்ததும் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வலி மாத்திரை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்ற வற்ற முட்டியின் மேல் விழும் பாரம் கூடும், வலியும் கூடும்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் கொடுத்து, அந்தத் துண்டு நசுங்கும்படி முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை அழுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். தொடையின் மேல் கை வைத்துப் பார்த்தால் தசை இறுகுவது கைக்குத் தெரியும். தெரியாவிட்டால் செய்கிற விதம் சரியில்லை. காலையில் பத்து, மாலையில் பத்து. பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும். நான்கு நாள் செய்துவிட்டு 'ஒன்றும் குணமில்லை' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

கைத்தடி விஷயமும் அப்படித்தான். கடைத்தெருவில் பார்த்தால் பாதிப் பேர் வலிக்கிற காலின் பக்கமே ஊன்றி நடக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடித்தால்தான் முட்டிக்குப் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

நரம்புக் கோளாறு வேறு கதை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவரை நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் காலை வைக்கச் சொல்கிறார்கள். அவருக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் வீட்டாருக்கே தெரியும். பூப்பறிக்க, களை பிடுங்க என்று நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்கிற சிலருக்கு முட்டியின் வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்திப் பாதம் தொங்கிப்போவதுண்டு. நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று விழும். 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணெய் போட்டு நீவி நாள் கடத்தக் கூடாது. பாதம் தொங்கினாலும், இடுப்பு வலியோடு சிறுநீர் போவது கட்டுக்குள் இல்லாவிட்டாலும், உட்காரும் இடம் மரத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பயிற்சியெல்லாம் அப்புறம்.

பக்கவாதம் கண்டவரை நம் வீடுகளில் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊட்டிவிடுவதும் தூக்கிவிடுவதும் பாசத்தால்தான். ஆனால் செயலிழந்த கையைப் பற்றி இழுத்து உட்கார வைத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். முதல் சில மாதங்களில் கிடைக்கிற முன்னேற்றம் பின்னால் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தைத்தான் கட்டிலிலேயே கழிக்க விடுகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மனமில்லை. ஆனால் அவர் வந்து போன பிறகு, அடுத்து வரும்வரை பயிற்சி செய்ய வைப்பது யார்? வீட்டில் ஒருவரையாவது உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்து, அவர் செய்து காட்டிய பிறகே புறப்பட வேண்டும் என்று விதி வைத்தால் நல்லது. நூறு நாள் வேலை நடக்கும் குளக்கரைக்கும் அவர்களை அனுப்பலாம். ஊர்ப் பெண்களை அங்கே ஒரே இடத்தில் பார்த்துவிட முடியுமே.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சிகளைப் படத்தோடு வெளியிடுங்கள். இறுக்கமான கால்சட்டை போட்ட வெளிநாட்டு இளைஞன் ரப்பர் விரிப்பில் படுத்திருக்கிற படம் வேண்டாம். அதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சேலை கட்டிய அறுபது வயது அம்மாள் ஒருவர் கோரைப்பாயில் உட்கார்ந்து துண்டை அழுத்துவதாகப் படம் போடுங்கள். எழுத்தையும் பெரிதாகப் போடுங்கள். சம்பா நடவு தொடங்குமுன் அந்த இதழ் வந்துவிட்டால், நடவு ஆட்களிடம் நானே கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.