கோடுகளை அழித்த மண்டபக் குழுவுக்கு

மதிப்புக்குரிய மன்றத் தலைவருக்கும், செயலாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவினர் எல்லோருக்கும் பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன புதன்கிழமை விடியற்காலை பிள்ளைகள் பாட்மின்டன் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நம் மன்றத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போனபோது தரையில் கோர்ட் கோடுகள் இல்லை. யாரோ தின்னர் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். மொசைக்கில் அங்கங்கே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிச்சம் இருந்தது. கல்யாணப் போட்டோவில் கோடு விழுகிறது, பெண் வீட்டார் குறைப்படுகிறார்கள் என்று வாட்ச்மேன் காரணம் சொன்னார். அப்புறம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி விசேஷம் இல்லாத நாளிலும் திறப்பதற்கில்லையாம், குழுவின் முடிவாம்.

அந்தக் கோடுகளைப் போட்டவர்களில் நானும் ஒருவன். மூன்று அப்பாக்கள், ஒரு இரவு, அளக்க இன்ச் டேப் இரண்டு. 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம், கோட்டின் கனம் 40 மில்லிமீட்டர். மூலை சதுரமாக வராமல் நான்கு முறை அழித்துப் போட்டோம். பெயின்ட் காய்கிறவரை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று ஒருவர் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார். உங்களிடம் கேட்டுத்தான் செய்தோம். 'போட்டுக்கோங்க தம்பி, பசங்க ஆடட்டும்' என்று அன்றைக்குச் சொன்னதும் இதே குழுதான்.

எங்கள் கோரிக்கை சின்னது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். எந்தெந்த நாள் புக்கிங் என்பதை ஒரு வாரம் முன்னதாக வாசலில் ஒட்டுங்கள். அவ்வளவுதான்.

அந்த அட்டவணை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தெரு முனை திரும்பினால் மண்டபத்து கேட் தெரியும். தினமும் காலையில் அவள் அந்த முனையில் ஒரு நிமிடம் நிற்பாள். கேட்டில் வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். மரம் இல்லையென்றால் ஓட்டம்தான், என்னால் கூடப் போக முடியாது. மரம் தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பி நடப்பாள். வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அரை மணி நேரம் பழைய ஷட்டிலை அடித்துக்கொண்டிருப்பாள். சுவரில் ஷட்டில் சரியாகத் திரும்பாது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். ஆவணி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அந்த மரம் இருந்தது. அது நாலு கல்யாணமா, ஒரே மரத்தை அவிழ்க்காமல் விட்டுவிட்டார்களா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்த வார முடிவில்தான் அவளுக்கு பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றாள். அதற்கு வாழைமரத்தைக் குற்றம் சொல்லவில்லை, எதிரே ஆடிய பெண் நன்றாகவே ஆடினாள். ஆனால் எந்த நாள் உண்டு, எந்த நாள் இல்லை என்று முன்னாடியே தெரிந்திருந்தால் வேறெங்காவது கெஞ்சிப் பார்த்திருப்பேன்.

விசேஷம் முடிந்த மறுநாள் தரையைக் கழுவிவிடுவதும் பிள்ளைகள்தான் என்பதை வாட்ச்மேன் சொல்லியிருக்க மாட்டார். பாயசமும் சாம்பாரும் காய்ந்த தரையில் ஸ்மாஷ் அடிக்கத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பையனின் கணுக்காலே சாட்சி. அதற்குக்கூட நாங்கள் உங்களிடம் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது செயலாளர் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பிரகாஷ் படுகோனே கல்யாண மண்டபத்துலதானே ஆடினார்? ஆல் இங்கிலாந்து வாங்கலையா?"

ஆடினார் அண்ணா, பாட்மின்டனில் பெரிய பட்டமான அந்த ஆல் இங்கிலாந்தையும் வாங்கினார். அவர் ஆடிய மல்லேஸ்வரம் கனரா யூனியன் நம் மண்டபத்திலிருந்து நடக்கிற தூரம்தான். விசேஷம் உண்டா என்று பார்த்து, இல்லாத நாளில் பள்ளி விட்டதும் ஓடிப்போய் ஆடியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதில் பாதியைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மீதிப் பாதி, விசேஷம் இல்லாத நாளில் அங்கே கதவு திறந்திருந்தது என்பது. அந்தக் கதவையும் பூட்டியிருந்தால் 1971-இல் பதினாறு வயதில் ஜூனியர், சீனியர் இரண்டிலும் ஒரே வருடத்தில் தேசிய சாம்பியன் ஆகியிருப்பாரா? 1979 வரை தொடர்ந்து ஒன்பது தடவை அந்த சீனியர் பட்டத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்திருப்பாரா?

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1980-இல் டென்மார்க், ஸ்வீடன், ஆல் இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று பட்டம். ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பை வாங்கியவர். அவரை 15-3, 15-10 என்று முடித்தார். அதோடு திரும்பி வந்து மண்டபத்தில் வாழைமரம் எண்ணிக்கொண்டிருந்தாரா? மூட்டை கட்டிக்கொண்டு டென்மார்க் போனார். உலகத் தரத்தில் தினமும் மோத ஆள் அங்கேதான் இருந்தது. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு 1994-இல் இதே பெங்களூரில் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் விமல் குமாரோடு சேர்ந்து ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே தேறி வந்தவர்தான் லக்‌ஷயா சென். 2022-இல் பாங்காக்கில் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை இந்தியா முதல் முறையாக வாங்கியபோது இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர். கல்யாண மண்டபத்தில் வளர்ந்த மனிதரே அடுத்த தலைமுறைக்குக் கல்யாண மண்டபம் போதும் என்று நினைக்கவில்லை. நீங்கள் அவர் பெயரைச் சொல்லி அந்த மண்டபத்தையும் பூட்டுகிறீர்கள்.

வெளியே கோர்ட் இல்லையா என்றும் கேட்டீர்கள். இருக்கிறது. தகரக் கூரை போட்ட இடமெல்லாம் இந்த ஊரில் இன்றைக்கு ஷட்டில் கோர்ட்தான். மணிக்கு இவ்வளவு என்று செயலியில் பணம் கட்ட வேண்டும். காலை ஆறு மணி ஸ்லாட்டை கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மாதக் கணக்கில் எடுத்து வைத்திருக்கிறார்கள், தொப்பை குறைக்க. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தையல்காரர் பிள்ளையும் பூக்காரம்மா பேத்தியும் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? ஊரில் ஏரியெல்லாம் லேஅவுட் ஆயிற்று, மைதானமெல்லாம் பார்க்கிங் ஆயிற்று. மிச்சம் இருப்பது சௌல்ட்ரி என்கிற கல்யாண மண்டபம் மட்டும்தான். நல்லவேளை, பெங்களூரில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

என் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். இந்தக் கட்டடம் எழும்பியபோது அவர் கொடுத்த நூறு ரூபாய்க்கான ரசீது இன்னும் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் 'மன்றக் கட்டட நிதி' என்றுதான் எழுதியிருக்கிறது. மண்டப வாடகையில்தான் கரண்ட் பில் கட்டுகிறோம், வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு முகூர்த்தத்தைக்கூட விடச் சொல்லவில்லை. விசிறிகூடப் போட வேண்டாம், காற்றில் ஷட்டில் திசை மாறிவிடும், நாங்களே வேண்டாம் என்போம். இரண்டு டியூப்லைட் எரிந்தால் போதும். அந்தக் காசையும் மாதம் தவறாமல் கொடுத்துவிடுகிறோம்.

கோடுதான் போட்டோவில் விழுகிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒட்டி எடுக்கிற டேப் போட்டுக்கொள்கிறோம், விசேஷத்துக்கு முதல் நாள் நாங்களே உரித்துவிடுகிறோம். முகூர்த்தம் இல்லாத நாளில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை கதவைத் திறந்துவிடுங்கள், வாசலில் ஒரு அட்டவணை ஒட்டுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். பத்து நிமிடம் ஒதுக்கினால் பெற்றோர்கள் நாலைந்து பேர் நேரில் வந்து பேசுகிறோம். தயவுசெய்து மறுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மன்றத்து உறுப்பினரான ஓர் அப்பா

பி.கு.: பாரிஸ் பாராலிம்பிக்ஸில் நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி பாட்மின்டனில் வெள்ளி வாங்கியபோது மண்டப வாசலில் பேனர் கட்டினீர்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதைக் கட்டியது எங்கள் நெட் கம்பங்களில்தான். ஒன்று சமையல்கட்டுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. இன்னொன்று எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?