ஓவர்கிளாக் செய்வதற்கு இரட்டைக் கோர் செயலி தேடுவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

இரட்டைக் கோர் செயலி ஒன்றை வாங்கி ஓவர்கிளாக் செய்ய, அதாவது உற்பத்தியாளர் வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, விரும்புவோர் எங்களிடம் முதலில் கேட்பது, “இது எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை போகும்?” என்பதுதான். எந்த எண்ணைக் கூட்டி அந்த வேகத்தை எட்டப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்; மதர்போர்டின் மீதும் ராமின் மீதும் எவ்வளவு சுமை விழும் என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

மதர்போர்டு தரும் அடிப்படை அதிர்வெண்ணை (பஸ் வேகத்தை) செயலியின் மல்டிபிளையர் என்ற எண்ணால் பெருக்கினால் கிடைப்பதே கிளாக் வேகம். கோர் 2 டுவோ காலத்தில் இன்டெல் பெரும்பாலான செயலிகளின் மல்டிபிளையரை மேலே ஏற்ற முடியாதபடி பூட்டியிருந்ததால், பஸ் வேகத்தை உயர்த்துவது ஒன்றே வழியாக இருந்தது. 2008-இல் வந்த இ8400 செயலியில் 333 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸும் 9 என்ற மல்டிபிளையரும் சேர்ந்து 3.0 கிகாஹெர்ட்ஸைத் தந்தன. பஸ்ஸை 400-க்கு உயர்த்தினால் 3.6 கிடைக்கும், அந்த நிலையில் டிடிஆர்2-800 ராம் தனக்கு உரிய வேகத்திலேயே ஓடும் என்பதால் அதை வருத்த வேண்டியதில்லை. அதே ஆண்டின் பென்டியம் இ5200 செயலிக்கோ பஸ் 200, மல்டிபிளையர் 12.5. செயலி தாங்குமானால், பஸ்ஸை 300-க்குக் கொண்டுபோனாலே 3.75 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைத் தாங்காத எளிய மதர்போர்டு வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இ8400-இல் 6 எம்பி எல்2 கேச் (சில்லுக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) இருக்க, இ5200-இல் இருப்பது 2 எம்பி மட்டுமே. ஒரே கிளாக் வேகத்தில் ஓடவிட்டாலும் கேம்களில் இரண்டும் ஒன்றாக நடந்துகொள்ளா. பழைய கணினியைப் புதுப்பிக்கும் ஒருவரிடம் நல்ல மதர்போர்டு இருந்தால் இ8400-ஐயே நாங்கள் பரிந்துரைப்போம்.

மல்டிபிளையர் பூட்டப்படாத செயலிகளில் இந்தக் கணக்கு எளிதாகிவிடுகிறது. பஸ்ஸையும் ராமையும் தொடாமல், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் நிரலில்) ஓர் எண்ணை மட்டும் படிப்படியாக ஏற்றினால் போதும். 2009-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஃபினோம் II எக்ஸ்2 550 பிளாக் எடிஷன் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் முடக்கப்பட்டிருந்த மற்ற இரண்டு கோர்களையும் சிலரால் உயிர்ப்பிக்க முடிந்தது உண்மையே. எனினும் எல்லாச் சில்லுகளிலும் அது கைகூடாததால், அந்த நம்பிக்கையில் மட்டும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

2014-இல் வந்த பென்டியம் ஜி3258 இந்த வகையில் மிகவும் விரும்பப்பட்டது. 3.2 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் அது, வெப்பத்தை வெளியேற்றும் நல்ல ஹீட்சிங்க் இருந்தால் பெரும்பாலும் 4.2 அல்லது அதற்கு மேலும் எட்டியது. ஆனால் ஒரு கோரை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஏற்கச் செய்யும் ஹைப்பர்திரெடிங் இல்லாததால் அதில் இரண்டே திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்). அக்காலத்துக் கேம்களிலேயே சில, நான்கு திரெட் இல்லாத கணினியில் தொடங்கவே மறுத்தன; கிளாக்கை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்குத் தீர்வு கிடைக்காது. 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ3-7350கே செயலியில் நான்கு திரெட்களும் 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இருந்தன. இருந்தாலும் அதை ஓவர்கிளாக் செய்ய இசட்170 அல்லது இசட்270 மதர்போர்டு வேண்டியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நான்கு கோர் கொண்ட ஐ3-8100 வந்த பிறகு, 7350கே-வைப் புதிதாக வாங்கப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போது எளிய தொடக்கம் வேண்டுவோருக்கு, 2 கோரும் 4 திரெட்டும் கொண்ட அத்லான் 3000ஜி பொருத்தமானது. பி450 போன்ற இடைநிலை மதர்போர்டிலேயே அதன் மல்டிபிளையரை மாற்றலாம். ஏ320 போர்டு இதற்கு உதவாது.

வோல்டேஜைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில்லு செலவிடும் மின்திறன் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 3.2-லிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸுக்குச் செல்ல 1.1 வோல்ட்டை 1.25 ஆக்க நேர்ந்தால், வேகம் 37.5 விழுக்காடு கூடும்போது மின்திறன் ஏறக்குறைய 78 விழுக்காடு கூடிவிடும். அந்த வெப்பம் முழுவதையும் பெட்டியோடு வரும் சிறிய விசிறி வெளியேற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவதைவிட, வோல்டேஜைக் கூட்டாமலேயே செயலி எட்டும் எல்லைக்குச் சற்று மேலே நின்றுகொள்வதே நல்லது.

ஒரே மாதிரிப் பெயர் பொறித்த இரண்டு சில்லுகள் ஒரே எல்லையை எட்டுவதில்லை. ஆகவே எந்தச் செயலிக்கும் ஓவர்கிளாக் வேகத்தை நாங்கள் உறுதிகூறி விற்பதில்லை. ஓவர்கிளாக் செய்வதால் நேரும் சேதத்துக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பொதுவாகப் பொருந்தாது. விண்டோஸ் திறந்துவிட்டது என்பதை வைத்து நிலைத்தன்மையை முடிவுசெய்யாமல், சில மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனித்த பின்னரே அந்த அமைப்பை நிரந்தரமாக்குங்கள்.

செயலி வாங்க வரும்போது உங்கள் மதர்போர்டின் மாடல் எண், பயாஸ் பதிப்பு, ராம் வகை, பவர் சப்ளையின் வாட் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த விவரங்களோடு வருபவருடன் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பெட்டியைப் பிரிப்போம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்