மூன்று வருடக் கணக்கு எங்கே என்று கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நானும் நண்பர்களும் 11 ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பகம் நடத்திவருகிறோம். ஆறு மணிக்கு வந்து உட்காரும் பிள்ளைகள் எட்டரைக்குத்தான் எழுவார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் உண்டு. ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் மாதம் நூறு, இருநூறு என்று கொடுப்பதில்தான் சுண்டல் செலவும், சொல்லித்தருகிற இரண்டு பெண்களின் சம்பளமும் ஓடுகின்றன.

எங்களைச் சுற்றி எத்தனை தொழிற்சாலைகள் என்பது இந்தப் பக்கம் வந்துபோனவர்களுக்குத் தெரியும். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ‘சிஎஸ்ஆர்’ எனப்படும் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு. தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

அந்த நம்பிக்கையில் மூன்றரை ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் மனு கொடுத்தோம். பார்க்க வந்த அதிகாரி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். ஒரு சிறுமியின் கணக்கு நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ‘நல்லா நடத்துறீங்க சார்’ என்றார். அப்புறம்தான் கேட்டார்: சங்கப் பதிவு, பான் கார்டு, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் (முதலாவது சங்கத்துக்கும், இரண்டாவது நன்கொடை தருபவருக்கும் வரிச்சலுகை தருவது), சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண், மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட். எங்களிடம் இருந்ததோ நான்கு குயர் நோட்டும், மளிகைக் கடைத் துண்டுச் சீட்டுகளை அடைத்துவைத்த ஒரு பிஸ்கட் டின்னும்தான்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதி அப்படி. 2021 ஏப்ரல் முதல், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து எண் வாங்காத அமைப்பின் மூலம் எந்த நிறுவனமும் இந்தப் பணத்தைச் செலவிட முடியாது. அதேபோன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். அனுபவம் எங்களுக்கு எட்டு வருடம் இருந்தது. ஆனால் காகிதத்தில் நாங்கள் பிறக்கவே இல்லை. அன்று இரவு டின்னை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எட்டு வருடத்தில் ஒருவராவது இதை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

பிறகு ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தோம். வங்கிக் கணக்கு, வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம், தீர்மான நோட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதுகூட ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த மார்ச்சோடு மூன்றாவது ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது. இனித்தான் மறுபடி மனு.

எங்களுக்காவது வழி தெரிந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஏரிக்கரைச் சீமைக் கருவேலத்தை வெட்டி எடுக்கிற இளைஞர்களுக்கு, பொதுமக்கள் பங்களிப்போடு அரசும் பணம் போடுகிற ‘நமக்கு நாமே’ திட்டம் இருப்பதே தெரியவில்லை. இப்படித் தெரியாதவர்களைத் தேடித்தான் தரகர்கள் வருகிறார்கள். எங்களிடமே ஒருவர் வந்து, நிதி வாங்கித்தருகிறேன், அதில் பத்து சதவீதம் எனக்கு என்றார். பிள்ளைகளின் சுண்டல் காசில் பங்கு கேட்கிறார் என்று கோபமாக வந்தது. அனுப்பிவிட்டோம். அனுப்ப முடியாத நெருக்கடியில் இருக்கிற சங்கங்கள் என்ன செய்யும்?

அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஒரு வழி பிறந்தது. நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளிகளுக்கு நேராக உதவ முடிகிறது. சிறு சங்கங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பெரிய செலவு தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர், ஒரு ஆடிட்டர், வட்டாரத் தொழிற்சாலைகளின் சிஎஸ்ஆர் அதிகாரிகள் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். எந்தத் துறையில் என்ன நிதி இருக்கிறது, அதற்கு இன்றைக்கே என்ன எழுதிவைக்க வேண்டும் என்று தமிழில் சொல்லட்டும்.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். மூன்று வருடம் நிரம்பாத அமைப்பு என்றால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதீர்கள். இந்தப் பணிகளை நிறுவனமே நேரடியாகச் செய்யவும் விதியில் இடம் இருக்கிறது. படிப்பகத்துக்கு இரண்டு மின்விசிறியும் ஒரு அலமாரிப் புத்தகமும் நீங்களே வாங்கி மாட்டலாமே.

அப்படி ஒரு நாளை மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால், எங்கள் ரசீதுப் புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். எப்படி எழுதுவது என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
படிப்பகச் சங்கத்தின் பொருளாளர்,
காஞ்சிபுரம் மாவட்டம்